150 குதிரைத்திறனும் 120 குதிரைத்திறனும்: எந்தக் கார் வேகமானது?

கேள்வி இதுதான். ஒரு காரின் எஞ்சின் 150 குதிரைத்திறன் தருகிறது; காரின் எடை 1,500 கிலோ. மற்றொரு காரின் எஞ்சின் 120 குதிரைத்திறன்தான் தருகிறது. ஆனால் அதன் எடை 1,150 கிலோ. இவற்றுள் எது வேகமானது, இத்தகைய ஒப்பீடுகளில் குதிரைத்திறனுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம், அச்சைத் திருகும் விசையான முறுக்குவிசைதான் (டார்க்) உண்மையில் காரை இழுக்கிறது என்று பலரும் சொல்வது சரியா?

ஒரு காரின் வேகத்தைக் கணிக்க ஒரே ஓர் எண்தான் கிடைக்கும் என்றால் நான் குதிரைத்திறனைத்தான் கேட்பேன். இரண்டு எண்கள் கிடைக்கும் என்றால் அதனுடன் எடையைக் கேட்பேன். மூன்றாவதாக ஒன்று கிடைக்கும் என்றால் எந்தச் சக்கரங்களுக்குத் திறன் போகிறது என்று கேட்பேன். முறுக்குவிசையை அதற்குப் பிறகுதான் கேட்பேன். இந்த வரிசையைப் பலர் ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். ஆயினும் இயற்பியல் இந்த வரிசையைத்தான் ஆதரிக்கிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அலகு எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சின்களை விற்க முற்பட்டபோது, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் அதுவரை வேலை செய்துவந்த குதிரைகளோடு அவற்றை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் வகுத்துக்கொண்டார். இன்றைய அலகில் அது ஏறத்தாழ 746 வாட். மெட்ரிக் குதிரைத்திறன் சற்றே சிறியது: 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன், அதாவது 735.5 வாட். இரண்டு வரையறைகளிலும் முக்கியமான சொல் நேரம். எவ்வளவு வேலை என்பதோடு, எவ்வளவு நேரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் திறன். காரின் வேகம், முடுக்கம், முந்திச் செல்லும் ஆற்றல் ஆகிய எல்லாமே நேரத்தைப் பற்றிய கேள்விகள் என்பதால், நேரம் கலந்த ஓர் அலகு அவற்றுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

முறுக்குவிசையில் நேரம் இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் ஏறி நின்றால், சக்கரத்தின் நட்டின் மீது ஏறத்தாழ 690 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழுகிறது. பெரும்பாலான கார் எஞ்சின்களால் தர முடியாத அளவு அது. ஆனால் அந்த மனிதரால் ஒரு காரை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட முடியாது. தேர்ந்த மிதிவண்டி வீரர்கூட ஒரு மணி நேரத்திற்குத் தொடர்ந்து தருவது அரைக் குதிரைத்திறனை ஒட்டித்தான் இருக்கும். அழுத்தம் இருக்கிறது, அதை விரைந்து மீண்டும் மீண்டும் தர முடியவில்லை. எஞ்சின் ஒரு சுற்றில் தரும் முறுக்குவிசையை, நிமிடத்திற்கு எத்தனை சுற்றுகள் என்பதால் பெருக்கினால்தான் திறன் கிடைக்கிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும். ஆகவே இவை போட்டியிடும் இரண்டு பண்புகள் என்று கொள்வதே தவறு. ஒன்று மற்றொன்றின் ஒரு காரணி.

முறுக்குவிசையை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. சக்கரத்தைச் சுழற்றித் தரையைப் பின்னுக்குத் தள்ளுவது விசைதானே, குதிரைத்திறன் அல்லவே என்பார்கள். உண்மைதான். ஆனால் தரையைத் தள்ளுவது சக்கரத்தில் உள்ள முறுக்குவிசை. விவரக் குறிப்பில் அச்சாவதோ எஞ்சினின் முறுக்குவிசை. இரண்டுக்கும் இடையே கியர்பெட்டி இருக்கிறது. அது சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும்; இரண்டின் பெருக்கற்பலனாகிய திறனை மட்டும், சிறிது உராய்வு இழப்பு நீங்கலாக, மாற்ற இயலாது. கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்லும்போது சக்கரத்தில் கிடைக்கும் தள்ளுவிசை, அந்தக் கணத்தில் சக்கரத்தை வந்தடையும் திறனை வேகத்தால் வகுத்தால் வருவது. அந்தக் கணக்கில் எஞ்சினின் முறுக்குவிசைக்குத் தனி இடமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐரோப்பிய வடிவத்தில், நிமிடத்திற்கு 8,300 சுற்றுகளில் 240 குதிரைத்திறன் தந்தது. அதன் உச்ச முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பரவலாக விற்ற 2 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று 150 குதிரைத்திறனும் 340 நியூட்டன் மீட்டரும் தந்தது. முறுக்குவிசைதான் காரை இழுக்கிறது என்றால் டீசல் காரே முந்த வேண்டும். டீசல் எஞ்சின் 150 குதிரைத்திறனை 3,500 சுற்றுகளில் தருவதாகக் கொண்டால், அந்த இடத்தில் அதன் முறுக்குவிசை சுமார் 300. எஸ்2000 தன் உச்சத் திறனைத் தரும் இடத்தில் முறுக்குவிசை சுமார் 203. ஆனால் இரண்டு கார்களும் ஒரே வேகத்தில் செல்லும்போது, எஸ்2000 எஞ்சின் 2.37 மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதற்கு 2.37 மடங்கு குறைத்துத் தரும் கியரைப் பயன்படுத்தலாம். 203ஐ 2.37ஆல் பெருக்கினால் 481. டீசலின் 300க்கு எதிரே 481. இந்த விகிதம் 1.6, 240க்கும் 150க்கும் உள்ள விகிதமும் அதுவேதான். கியர்பெட்டி முறுக்குவிசை வேறுபாட்டை முழுவதுமாக அழித்துவிட்டு, திறன் வேறுபாட்டை மட்டும் மிச்சம் வைக்கிறது.

கனரக லாரிகளைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. 500 குதிரைத்திறனுள்ள ஒரு லாரி எஞ்சின் 2,500 நியூட்டன் மீட்டர் தரும். அதே 500 குதிரைத்திறனுள்ள விளையாட்டுக் காரின் எஞ்சின் அதில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ தரும். அதனால்தான் லாரி 40 டன்னை இழுக்கிறது என்பார்கள். விளையாட்டுக் காரின் எஞ்சினுக்கும் பொருத்தமான கியர்பெட்டியை அமைத்தால் அதே 40 டன்னை அதே ஏற்றத்தில் அதே வேகத்தில் அதுவும் ஏற்றிவிடும். ஆனால் நாள் முழுவதும் 7,000 சுற்றுகளில் அலறி, ஏராளமான எரிபொருளைக் குடித்து, விரைவில் தேய்ந்துபோகும். நெடுங்காலம் உழைக்கவும் எரிபொருளைச் சிக்கனப்படுத்தவுமே லாரிக்குப் பெரிய, மெதுவாகச் சுழலும் எஞ்சின் வைக்கப்படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, முறுக்குவிசைக்காரர்கள் அனுபவத்தில் உணர்வது பொய் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் உணர்வது மெய்; அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் பொருந்தவில்லை. விவரக் குறிப்பில் அச்சாகும் குதிரைத்திறன் என்பது எஞ்சின் ஒரே ஒரு சுழற்சி வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்த நிலையில் எட்டும் உச்சம். அந்த உச்சத்தை நாள்தோறும் யாரும் தொடுவதில்லை. நெடுஞ்சாலையில் மேல் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சின் 2,000 சுற்றுகளில் சென்றுகொண்டிருக்கும்போது அங்கு எவ்வளவு திறன் இருக்கிறது என்பதே ஓட்டுநருக்குத் தெரியும் விஷயம். 340 நியூட்டன் மீட்டர் டீசலிடம் அந்த இடத்தில் ஏறத்தாழ 97 குதிரைத்திறன் இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினிடம், 180 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், 51தான் இருக்கிறது. டீசல் ஓட்டுநர் முதுகில் உணர்வது அந்த 46 குதிரைத்திறன் வேறுபாட்டைத்தான். அதிக முறுக்குவிசை என்பது குறைந்த சுற்றுகளிலும் திறன் கிடைக்கும் என்பதற்கான அடையாளம். அந்த அளவில் அது மிகப் பயனுள்ள தகவல்.

முந்திச் செல்லும்போது இது எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று பாருங்கள். ஓட்டுநரையும் சேர்த்து 1,575 கிலோ எடையுள்ள நம் முதல் காரை 80இலிருந்து 120 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 486 கிலோஜூல் ஆற்றல் தேவை. 150 குதிரைத்திறன் என்பது 110 கிலோவாட். அதில் 15 சதவீதம் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியில் இழந்து, இன்னும் 13 கிலோவாட் காற்றையும் டயரின் உருளல் தடையையும் வெல்லப் போனால், மிச்சம் 81 கிலோவாட் அளவு. ஓட்டுநர் கியரைக் குறைத்து எஞ்சினை உச்சத்தை ஒட்டி வைத்திருந்தால் 6 அல்லது 7 விநாடியில் வேலை முடியும். மேல் கியரிலேயே விட்டுவிட்டு, எஞ்சின் 200 நியூட்டன் மீட்டரோடு 2,000 சுற்றுகளில் தொடங்கினால், தொடக்கத்தில் மிஞ்சுவது 23 கிலோவாட் மட்டும்; அதே வேலைக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு நேரம் ஆகும். ஒரே கார், ஒரே 150 குதிரைத்திறன். அதனால் உச்ச எண்ணைவிட, எஞ்சினின் எல்லாச் சுழற்சி வேகங்களிலும் திறன் எப்படி இருக்கிறது என்பதும், கியர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதும், கியர்பெட்டி எவ்வளவு விரைவாகக் கியரைக் குறைக்கிறது என்பதும் நடைமுறையில் முக்கியமாகின்றன. கியர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டு, பத்து என்று உயர்ந்ததற்கு எரிபொருள் சிக்கனத்தோடு இதுவும் ஒரு காரணம். படியில்லாமல் விகிதத்தை மாற்றும் சிவிடி பெட்டியால், முழுதும் மிதித்தால், எஞ்சினை உச்சத் திறனிலேயே நிறுத்திவைக்க முடியும். காதுக்கு அது இதமாக இராது, ஆனால் கணக்கு சரியானது.

இனி எடை. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது கார் பெறும் இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 1,500 கிலோ காருக்கு அது சுமார் 579 கிலோஜூல். இதைத் திறனால் வகுத்தால் நேரம் கிடைக்கிறது. எனவே முடுக்கத்தைப் பொறுத்தவரை குதிரைத்திறனை எடையால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் பேச வேண்டிய எண். 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 120 குதிரைத்திறன் தரும் ஒரு சாதாரண 1.8 லிட்டர் எஞ்சின். ஆனால் கார் முழுவதும் சுமார் 725 கிலோ. டன்னுக்கு 165 குதிரைத்திறன் என்றாகிறது. அதனால் 6 விநாடியை ஒட்டி 100 கிலோமீட்டரை எட்டியது. 1,500 கிலோ செடான் ஒன்று அதே விகிதத்தைப் பெற 248 குதிரைத்திறன் வேண்டும். ஆனால் எலீஸின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். 120 குதிரைத்திறனுள்ள கனமான கார்களும் அதற்கு அருகில் சென்றுவிடும். எடை குறைவால் கிடைத்த நன்மை அங்கே தீர்ந்துபோகிறது. ஏன் என்பதைக் காற்றைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அதற்கு முன், குறைந்த வேகத்தில் குதிரைத்திறனைத் தடுத்து நிறுத்துவது டயர். சாதாரண டயர், உலர்ந்த சாலையில், தன் மீதுள்ள எடைக்கு ஏறத்தாழச் சமமான விசையைத்தான் தரையில் செலுத்த முடியும். நான்கு சக்கரங்களும் இயங்கும் காரில் முழு எடையும் பயன்படுவதால், கோட்பாட்டளவில் 100 கிலோமீட்டரை 2.8 விநாடியில் எட்டலாம். முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் காரிலோ, முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், பாதி எடையளவுதான் பயன்படும். அந்த நிலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 1,500 கிலோ காரால் தரையில் செலுத்த முடிந்த உச்சத் திறன் ஏறத்தாழ 139 குதிரைத்திறன். அதற்கு மேல் எஞ்சினில் எவ்வளவு இருந்தாலும், 50ஐத் தாண்டும் வரை அது டயரைப் புகைக்கவோ கட்டுப்பாட்டு மின்னணுவியலால் அடக்கப்படவோதான் உதவும். 300 குதிரைத்திறனுள்ள முன்சக்கர இயக்கக் கார் 200 குதிரைத்திறனுள்ள காரைவிட 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் ஓட்டத்தில் எதிர்பார்த்த அளவு முந்தாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஈரச் சாலையில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

வேகம் கூடக்கூட நிலைமை தலைகீழாகிறது. காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. நடுத்தரச் செடான் ஒன்றை, 0.30 காற்றெதிர்ப்புக் கெழுவும் 2.2 சதுர மீட்டர் முன்பரப்பும் கொண்டதாக எடுத்துக்கொண்டால், சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிலையாகச் செல்ல டயரின் தடையையும் சேர்த்து வெறும் 17 குதிரைத்திறன் போதும். 200 கிலோமீட்டருக்கு 100 குதிரைத்திறனுக்குச் சற்றே மேல் வேண்டும். இந்த எண்களைப் பார்க்கும் பலர் நம்ப மறுக்கிறார்கள். தம் காரின் 150இல் 17தான் பெரும்பாலான நேரம் வேலை செய்கிறது என்பது வியப்பாகத்தான் இருக்கும். உச்ச வேகத்தில் கார் முடுக்கம் பெறுவதில்லை என்பதால் எடைக்கு அங்கே பெரிய பங்கில்லை. திறனும் காற்றெதிர்ப்பும் மட்டுமே மோதிக்கொள்கின்றன.

புகாட்டி வேய்ரான் இந்த மும்மடி விதியைக் கண்முன் நிறுத்தும் கார். 2005இல் 1,001 குதிரைத்திறனோடு அது 407 கிலோமீட்டரை எட்டியது. 2010இல் சூப்பர் ஸ்போர்ட் வடிவம் 1,200 குதிரைத்திறனோடு 431 கிலோமீட்டரை எட்டியது. 431ஐ 407ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 1.19 கிடைக்கிறது, 1,001ஐ அதனால் பெருக்கினால் 1,190க்கு அருகில் வருகிறது. ஏறத்தாழ 200 குதிரைத்திறன் கூடியும் வேகம் கூடியது 24 கிலோமீட்டர். அதைவிடச் சுவையான செய்தி, இரண்டு வடிவங்களுக்கும் 100 கிலோமீட்டரை எட்டும் நேரமாக நிறுவனம் சொன்னது அதே 2.5 விநாடி. அங்கே எல்லை வகுத்தது டயர் என்பதால், கூடுதல் 200 குதிரைத்திறனுக்குச் செய்ய வேலை இல்லை. காற்றெதிர்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெக்லாரன் எஃப்1 காரையும் அருகில் வைக்கலாம்: 1998இல் அது 627 குதிரைத்திறனோடு 386 கிலோமீட்டரை எட்டியது. அதே உடலமைப்பு 407ஐ எட்ட, மும்மடி விதிப்படி 735 அளவு போதுமாயிருக்கும். வேய்ரான் அதற்குமேல் 260க்கும் அதிகமான குதிரைத்திறனைச் செலவிட்டது; அகலமான உடல், ஏராளமான குளிர்விப்பான்கள், அந்த வேகத்தில் காரைத் தரையில் அழுத்திப் பிடிக்க வேண்டிய தேவை ஆகியவற்றுக்கான விலை அது.

விவரக் குறிப்பில் உள்ள எண்ணை எந்த அளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஎச்பி (வாட் வகுத்த குதிரைத்திறன்), பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்னும் இரண்டு அலகுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 1.4 சதவீதம்தான், 100 கிலோவாட் என்பது 134 பிஎச்பி, 136 பிஎஸ். இங்கு நான் கார்களுக்குச் சொல்வன எல்லாம் பிஎஸ். பழைய அமெரிக்கக் கார்களின் எண்களைப் பார்க்கும்போதுதான் உண்மையான எச்சரிக்கை வேண்டும். 1972 மாடல் ஆண்டுக்கு முன்பு அங்கே மின்னாக்கி, காற்று வடிகட்டி, முழுப் புகைபோக்கி போன்றவை இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்த எண்ணையே விளம்பரப்படுத்தினார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் உள்நாட்டில் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் உடன்பட்டிருந்தன. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்ற கார்கள் காகிதத்தில் 280ஆகவும் டைனோ என்னும் திறன் அளக்கும் கருவியில் அதற்கு மேலாகவும் இருந்தன. மேலும், டர்போ இல்லாத எஞ்சின் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறும்தோறும் ஏறத்தாழ 10 சதவீதத் திறனை இழக்கிறது. டர்போ எஞ்சின் இதைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். மலைப் பகுதியில் வாழ்பவருக்கு, சமமான எண் கொண்ட இரண்டு கார்கள் சமமானவை அல்ல.

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களில் எஞ்சினின் எண்ணையும் மோட்டாரின் எண்ணையும் கூட்டிவிடக் கூடாது. நான்காம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் எஞ்சின் 98, மோட்டார் 72, கூட்டினால் 170. முழு அமைப்பு தருவதோ 122. இரண்டும் தத்தம் உச்சத்தை வெவ்வேறு வேகங்களில் எட்டுவதும், மோட்டாருக்கு மின்கலம் தரக்கூடிய அளவுக்கு எல்லை இருப்பதுமே காரணம். மின்சாரக் கார்களில் வேறொரு நுட்பம். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும். கியர் மாற்றம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் பரந்த இடைவெளியில் ஏறத்தாழ உச்சத் திறனிலேயே இயங்கும். ஆகவே 150 குதிரைத்திறன் மின்காரின் சராசரித் திறன், 150 குதிரைத்திறன் பெட்ரோல் காரின் சராசரியைவிட அதிகம். நகர வேகங்களில் அது தன் எண்ணுக்கு மீறி விரைவாகத் தோன்றுவதன் காரணம் இதுதான். ஆனால் மின்கலத்தின் மின்னேற்றம் குறைந்தாலோ, குளிர்ந்தோ சூடேறியோ இருந்தாலோ அந்த உச்சம் குறையும். ஐரோப்பாவில் பதிவு ஆவணங்களில் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கிறார்கள். அது விளம்பர எண்ணில் பாதிக்கும் கீழே இருப்பது உண்டு.

வளைவுகளும் பிரேக்குகளும் நிறைந்த தடத்தில் குதிரைத்திறனின் பங்கு சுருங்குகிறது என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில், வடக்குச் சுற்றின் 20.6 கிலோமீட்டரில் 700 குதிரைத்திறனுள்ள போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் 2017இல் 6 நிமிடம் 47 விநாடி எடுத்தது. அதே தூரத்தை 510 குதிரைத்திறனுள்ள 911 ஜிடி3 சில ஆண்டுகளுக்குப் பின் 6 நிமிடம் 55 விநாடியில் முடித்தது. 37 சதவீதக் கூடுதல் திறன் வாங்கித் தந்தது 2 சதவீத நேரம். புதிய ஜிடி3இன் டயர்களும் முன் தொங்கலமைப்பும் (சஸ்பென்ஷன்) காற்றால் காரைத் தரையில் அழுத்தும் உடலமைப்பும் மிச்சத்தை ஈடுசெய்துவிட்டன.

சோதனை முடிவுகளைப் படிக்கும்போது, 100 கிலோமீட்டரை எட்டும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதில் டயரும் சாலையும் ஓட்டுநரின் கைத்திறனும் கலந்திருக்கின்றன. இரண்டாம் கியர் 98 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும் காருக்குக் கடைசி 2 கிலோமீட்டருக்காக ஒரு கியர் மாற்றம் கூடுதலாகிறது. அமெரிக்க இதழ்கள் முதல் ஓரடி நகர்வை நேரத்தில் சேர்ப்பதில்லை என்பதால் அவர்களின் எண் கால் விநாடி அளவு குறைவாக இருக்கும். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் கார் எந்த வேகத்தில் கோட்டைக் கடந்தது என்ற எண் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் திறன்-எடை விகிதத்தின் மும்மடி மூலத்தை ஒட்டி நடக்கிறது. புறப்பாட்டில் சக்கரம் வழுக்கியிருந்தாலும் அது அதிகம் மாறாது. அறிவிக்கப்பட்ட குதிரைத்திறன் மெய்யா என்று சோதிக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இப்போது அந்த இரண்டு கார்களுக்கு வருவோம். ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்தால் முதல் காருக்கு டன்னுக்கு 95 குதிரைத்திறன், இரண்டாவதற்கு 98. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை சராசரியாக உச்சத் திறனில் 62 சதவீதம் சக்கரத்தை அடைகிறது என்று கொண்டால், முதல் கார் 8.9 விநாடி, இரண்டாவது 8.6 விநாடி. இந்த 0.3 விநாடி ஒரு மெதுவான கியர் மாற்றத்தில் கரைந்துவிடும். ஆகவே ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது இரண்டும் சமம் என்றே சொல்லலாம், நகரத்தில் இலகுவான கார் சற்றுச் சுறுசுறுப்பாகத் தோன்றும். நால்வர் ஏறி மொத்தம் 300 கிலோ கூடினால் விகிதம் 83.3க்கு 82.8 என்று மாறி, முதல் கார் மயிரிழையில் முன்னே வந்துவிடும். ஏற்கெனவே இலகுவாக இருந்த காருக்குத்தான் கூடுதல் சுமை அதிகம் உறைக்கும். 150 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் காற்று ஆட்சி செய்வதால் 150 குதிரைத்திறன் கார் தெளிவாக விலகிச் செல்லும். இரண்டின் உடலமைப்பும் ஒத்திருந்தால் அதன் உச்ச வேகம் ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாக இருக்கும். வளைவிலும் பிரேக்கிலும், டயர்கள் ஒரே தரத்தில் இருந்தால், 1,150 கிலோ காரின் பக்கம்தான் நான் நிற்பேன். நீங்கள் பெரும்பாலும் தனியாக, 100 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர் என்றால் இரண்டாவது காரையே ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏற்றங்களைக் கடந்து செல்பவர் என்றால், அந்த 30 குதிரைத்திறன் உங்களுக்கு வேலைக்கு வரும், அதுவும் அதன் எஞ்சின் 2,000 சுற்றுகளிலேயே 200 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் தருமானால்.